விதேஸின் பிடரி முடி

முதலில் இந்த ரொட்டியை எடுத்துக்கொள்ளுங்கள், ஷெரிஃப். பன்றிக்கொழுப்பும் உப்பும் சேர்த்து இன்று காலை சுட்டது. ஆறினால் கல்லாகிவிடும், பிறகு என்னைத் திட்டக்கூடாது.

அந்தத் துப்பாக்கி வண்டியிலேயே இருக்கட்டும். ஆளைக் கொன்ற குதிரையைச் சுட வேண்டும் என்கிறீர்கள், நியாயம்தான். ஆனால் விதேஸ் கொல்லவில்லை.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் என் அப்பா மூன்று குதிரைகளோடு ஹங்கேரியிலிருந்து கப்பலேறி இந்த மொன்டானாவுக்கு வந்தார். அந்த வம்சத்தில் மிஞ்சியிருக்கும் ஒரே பொலிகுதிரை விதேஸ். எனக்குப் பிள்ளைகுட்டி இல்லை. அவன் இருக்கும்போது அந்தக் குறையே தெரிந்ததில்லை.

இந்த ஆண்டு எங்கள் குதிரை வளர்ப்போர் சங்கம் புது விதி போட்டது. பிடரி முடியை வேரோடு பிடுங்கி வம்சச் சோதனைக்கு ஆய்வகத்துக்கு அனுப்பினால்தான் தூய இனப் பதிவேட்டில் குதிரையின் பெயர் நிற்கும். அதைக் கேள்விப்பட்டுத்தான் பக்கத்துப் பண்ணை ஆர்வில் வியாழக்கிழமை வந்தார். தொப்பியைக் கையில் பிடித்துத் திருகிக்கொண்டே நின்றார், பாவம்.

“எத்தெல்கா, கோவிச்சுக்காத. பன்னெண்டு வருஷம் முந்தி பனியில வேலி சாஞ்சுதே, அன்னிக்கு என் குதிரை உன் பெட்டைகிட்ட வந்துடுச்சு. விதேஸ் அதுக்குப் பொறந்தவன்தான்.”

“உன் குதிரையா? அது வாய்க்காலத் தாண்டவே முக்கி முனகுமே.”

“சிரிக்காத. சனிக்கிழமை கூட்டத்துல நானே எந்திரிச்சு சொல்லிடறேன். பழி எம்மேலயே இருக்கட்டும்.”

நாற்பது வருடம் என் வேலியையும் சேர்த்துக் கட்டிய மனிதர். அவர்மேல் எனக்குப் பிரியம் உண்டு, அதை மறைக்கவில்லை. கொட்டடிக்கு உள்ளே போய் விதேஸின் நெற்றிச் சுழியைப் பார்க்கச் சொன்னேன். அப்பாவின் குதிரைக்கும் அதே சுழிதான். ஆர்வில் மறுபேச்சில்லாமல் போனார். நான் வெளியே தாழ்ப்பாளைப் போட்டேன். பிறகு, பருவத்திலிருந்த பெட்டையை அந்தக் கொட்டடியின் முன்னால் நடத்திக்கொண்டு போனேன். இரண்டு தடவை. குறுக்கே யார் நின்றாலும் பொலிகுதிரை மிதிக்கும், நீங்களும் குதிரை வளர்த்தவர்தானே. சத்தம் அடங்கும்வரை பெட்டைக்குப் பிடரி வாரிவிட்டேன். வெயில் இதமாக இருந்தது.

ஆகவே விலங்கை எனக்கு மாட்டுங்கள், சந்தோஷமாக வருகிறேன். விதேஸுக்குக் காலையில் ஓட்ஸ் போடுங்கள், ஆப்பிளைக் கையால் ஊட்டினால்தான் தின்பான்.

முடி வைத்த உறை அலமாரியிலேயே கிடக்கிறது. அனுப்பவில்லை, எதற்கு அனுப்ப வேண்டும்? அவன் கலப்பாக இருந்தால், அவனுக்காக நான் ஆர்விலைக் கொன்றிருப்பேனா?