அது என் தட்டு இல்லீங்க

சுண்டல் வாசனை வந்துருச்சு... தெரியுது, தெரியுது, மூக்கு எனக்கும் இருக்கு! நவராத்திரி மேடையில பேச வர்றவனுக்கு இதான் கதி. கண்ணு என்மேல, மனசு பூரா அண்டா மேல. சரி, தாளிச்சு முடிக்கிறதுக்குள்ள ஒரு குட்டிக் கதை சொல்லிடறேன். சாப்பாட்டுக் கதைதான், பயப்படாதீங்க.

நம்ம தாராபுரம் பக்கம் அர்த்தநாரின்னு ஒருத்தர். மின்வாரியத்துல வேலை பாத்து ஓய்வு பெத்தவர். அவர் சம்சாரம் மயிலாத்தா. மக பிரசவத்துல ரொம்பச் சிரமப்பட்டப்போ அந்தம்மா பழனியாண்டவன்கிட்ட வேண்டிக்கிட்டாங்க. "முருகா, தாயும் புள்ளையும் நல்லபடியா வீடு வரட்டும். பால்குடம் எடுத்து, படியேறியே வர்றேன்."

வந்துட்டாங்க, நல்லபடியா! இப்ப என்ன பண்ணணும்? படியேறணும். ஆனா அந்தம்மாவுக்குத் தரையில உக்காந்தா எந்திரிக்க முடியல. கையை ஊனி... "முருகா"ன்னு ஒரு பெருமூச்சு விட்டு... அப்புறந்தான் எந்திரிப்பாங்க. மலைமேல இழுத்துட்டுப் போற விஞ்சு வண்டியில போயிடலாம்னா மனசு ஒப்பல. சாமிகிட்டக் குடுத்த வாக்கு இல்லையா?

புருஷனும் பொண்டாட்டியும் டாக்டர்கிட்டப் போனாங்க. டாக்டர் சொன்னார்: "வயசானா சதை கரையும்மா. ரெண்டு பேரும் புரதம் சேத்துக்குங்க. முட்டை, பயறு, கடலை, தயிர்... வேளாவேளைக்கு ஏதாவது ஒண்ணு இருக்கணும். கூடவே உடற்பயிற்சியும் வேணும்."

யாருக்குச் சொன்னார்? ரெண்டு பேருக்கும்! வீட்டு வாசப்படி தாண்டுறதுக்குள்ள அது ஒருத்தருக்கு ஆயிடுச்சு. யாருக்குன்னு நான் சொல்லணுமா? முன்வரிசை ஐயாமாரெல்லாம் தலையைக் குனியுறதைப் பாத்தாலே தெரியுதே!

"மயிலுகூட நானும் மலை ஏறணுமே"ன்னு அர்த்தநாரி ஜிம்முல சேந்துட்டார். புது ஷூ, கையில்லாத பனியன். காலையில முட்டை. (கோயில்ல நின்னு முட்டை பேசுறானேன்னு பாக்காதீங்க, அம்பாள் கோவிச்சுக்க மாட்டா.) அப்புறம் முளைகட்டின பயறு. மத்தியானம் பன்னீர். சாயங்காலம் டப்பாவுல இருந்து ஒரு பவுடர், கடகடன்னு குலுக்கி ஒரே மடக்கு. குடிச்சுட்டு ஒரு சலிப்பு வேற... "மயிலு, இன்னைக்குப் புரதம் கொஞ்சம் குறையுதே!"

இதையெல்லாம் வேகவெச்சு, உரிச்சு, முளைகட்டித் தர்றது யாரு? அந்தம்மா. அவங்க என்ன சாப்பிடுறாங்க? சட்டியில மிஞ்சின சோறு, ரசம், ஊறுகாய். மக போன்ல, "அம்மா, நீ ஒரு முட்டை சாப்பிடேன்"னு கேட்டா, "எனக்கெதுக்கு சாமி? அப்பா ஜிம்முக்குப் போகோணுமல்ல!"

பேரைப் பாருங்க... அர்த்தநாரி! அம்பாளுக்குப் பாதி உடம்பையே குடுத்த சாமி பேரு. நம்மாளு பாதி முட்டை குடுக்கல!

ஜிம் மாஸ்டர் ஒரு சட்டம் போட்டிருந்தார். "சார், தினமும் சாப்பிடுற தட்டை போட்டோ எடுத்து வாட்ஸ்அப்புல அனுப்பணும்." ஒருநாள் மத்தியானம் அர்த்தநாரி மறந்துட்டார். பசியில எல்லாத்தையும் முடிச்சாச்சு, தட்டு காலி. காலித் தட்டை அனுப்பினா மாஸ்டர் திட்டுவாரு. பக்கத்துல மயிலாத்தா அப்பத்தான் தன் தட்டோட உக்காந்தாங்க. நம்மாளு யோசிச்சார்... ஒரே வீடு, ஒரே அடுப்பு, ஒரே சமையல். எந்தத் தட்டா இருந்தா என்ன? டக்குனு ஒரு போட்டோ. அனுப்பிட்டார்.

உடனே போன் அடிக்குது.

"சார்! என்ன சார் ஆச்சு? உடம்பு சரியில்லையா? வெறும் சோறும் ரசமும் இருக்கு! இப்படிச் சாப்பிட்டா மலை ஏற முடியுமா? உக்காந்த எடத்துல இருந்து எந்திரிக்கக்கூட முடியாது சார்!"

நம்மாளு சிரிக்கிறார். "அட, பதறாதீங்க தம்பி! அது என் தட்டு இல்லீங்க... என் சம்சாரம் தட்டு!"

சொல்லிட்டார்... சொன்னது அவர் காதுலயே விழுந்துச்சு. பக்கத்துல மயிலாத்தா, சாப்பாட்டை அப்படியே வெச்சுட்டுக் கையை ஊனி எந்திரிக்கப் பாக்குறாங்க. "முருகா... ஏனுங்க, உங்களுக்கு இன்னுங் கொஞ்சம் தயிர் கொண்டாரட்டுங்களா?"

அர்த்தநாரிக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. போன்ல மாஸ்டர் மெதுவாச் சொன்னார்: "சார், நாளையிலிருந்து உங்க தட்டு வேண்டாம். அம்மா தட்டை அனுப்புங்க."

மறுநாள் இவர் முட்டையை அந்தம்மா தட்டுல வெக்கிறார், அவங்க இவர் தட்டுல வெக்கிறாங்க. இவர் அங்க... அவங்க இங்க... "எனக்கு வேண்டாமுங்க!" "மயிலு, போட்டோ அனுப்பலைன்னா மாஸ்டர் என்னைத் திட்டுவாரு!" "அய்யோ, உங்களையா? அப்பக் குடுங்க, தின்னு போடறேன்." பாத்தீங்களா? அதைக்கூடப் புருஷனுக்காகத்தான் தின்னாங்க!

தின்னாங்க. நாற்காலியைப் போட்டு உக்காந்து உக்காந்து எந்திரிச்சும் பழகினாங்க. விரதம் ஆரம்பிச்சதும் முட்டை நின்னுச்சு, பயறும் தயிரும் நிக்கல. தை மாசம் பால்குடத்தோட படியேறினாங்க. பாதி மலை, இடும்பன் சன்னதிகிட்ட ஒருத்தர் பொத்துன்னு உக்காந்துட்டார். யாரு? நம்ம கையில்லாத பனியன்! தலையில குடத்தோட மயிலாத்தா திரும்பிப் பாத்தாங்க. "ஏனுங்க... புரதம் கொஞ்சம் குறையுதுங்களா?"

சிரிங்க, நல்லாச் சிரிங்க. சிரிச்சுட்டு வீட்டுக்குப் போய் ஒரு காரியம் பண்ணுங்க. பவுடர் டப்பாவுல என்ன எழுதியிருக்குன்னு படிக்கிறோமே... பரிமாறுற கைக்குச் சொந்தமான தட்டுல என்ன இருக்குன்னு என்னைக்காவது பாத்தோமா? ஒரே அடுப்புதாங்க. ஆனா ஒரே தட்டு இல்ல. சதை எல்லாருக்குந்தான் கரையுது. சத்து மட்டும் ஏன் ஒருத்தருக்கு?

வீடு வரைக்கும் எதுக்குப் போகணும்? காலையிலிருந்து கடலை வேகவெச்ச அம்மாமார், அதோ தூண் ஓரமா நிக்கிறாங்க. அண்டா முன்வரிசையில ஆரம்பிச்சா, அவங்ககிட்டப் போறப்போ கரண்டி அடியில தட்டும்... எத்தனை மேடை பாத்திருக்கேன்!

அண்டா தூக்குறவங்க கவனிங்க... அப்படியே பின்னாடி கொண்டுபோங்க. ஐயா, நீங்க எங்க எந்திரிக்கிறீங்க? உக்காருங்க... அவங்க சாப்பிடட்டும்.