பாடை திரும்பின காடு

இஞ்சினை நிறுத்துங்க தம்பி. ஹாரன் அடிச்சா நான் நகந்துருவேனாக்கும்? உங்க மேல எனக்குக் கோவமில்லீங்க. ஜேசிபி ஓட்டறவரு, கூப்பிட்ட எடத்துக்கு வந்திருக்கீங்க. ஆனா அந்த பக்கெட்டு இன்னும் ஒரு அடி முன்னால வந்துச்சுன்னா என் மேலதான் ஏறோணும்.

ஆமாங்க, உங்க கண்ணுக்கு வெறும் மேடாத்தான் தெரியும். பேரு வெட்டிக் கல்லு நட எங்களுக்கு எங்கீங்க வசதி?

பேப்பரெல்லாம் சரியா இருக்குதுங்கறீங்க. இருக்கட்டும், நான் இல்லேங்கல. கொஞ்சம் கேளுங்க.

எங்கப்பா பேரு ராஜரத்தினம். கண்டிப் பக்கம் தேயிலைத் தோட்டத்துல பொறந்தவரு. இளவட்டத்துல கப்பலேறி, இங்க குந்தாப் பக்கம் எஸ்டேட்டுக்கு வந்தாரு. எஸ்டேட்டை மூடிட்டாங்க. பசி தாங்காம, அவரும் கூட வந்த குடும்பங்களும் இந்தச் சரிவுல உண்ணிச்செடிப் பொதரை வெட்டிக் கேரட்டு போட்டாங்க. மொத வெள்ளாமையைக் காட்டெருமை மேஞ்சுது. அடுத்ததைப் பனி கருக்கிருச்சு. அப்பறந்தானுங்க வெளஞ்சுது.

எங்கம்மா செத்தப்போ நான் சின்னப்புள்ள. பக்கத்து ஊரு இடுகாட்டுக்குத் தூக்கிட்டுப் போனாங்க. வழியை மறிச்சுட்டு ஆளுக நிக்கறாங்க. சிலோன்காரங்க பொணத்துக்கு இங்க எடமில்லேன்னுட்டாங்க. மழை வேற கொட்டுது. அப்பா பாடையைத் திருப்புங்கன்னாரு. நேரா இங்க வந்து, பிடுங்காம நின்ன கேரட்டுக்கு நடுவுல அவரே மம்பட்டி புடிச்சுக் குழி வெட்டுனாரு. மூடி முடிச்சுட்டு மம்பட்டியை ஊனி நின்னாரு. இனி எவனாச்சும் நீங்க எந்த ஊருன்னு கேட்டா, இந்தக் காட்டைக் காட்டுங்கடான்னாரு.

அன்னைக்குப் புடிச்சு எங்க சனத்துக்கு எல்லாம் இதுதானுங்க இடுகாடு. கூட வந்த குடும்பத்துல ஒரு அக்கா, எங்கப்பா, போன தையில எங்க ஊட்டுக்காரரு. உங்க டயருக்குப் பக்கத்துல மண்ணு இன்னும் அமுங்காம இருக்குது பாருங்க, அதுதான் அவரு.

ஏனுங்க, எறங்கீட்டீங்க? பயப்படாதீங்க. தெரியாமத்தான வந்தீங்க.

போன் அடிக்குதே, எடுங்க. உங்களைக் கூப்பிட்ட பார்ட்டிதான? காட்டேஜ் கட்டறதுக்கு வித்தாச்சு, சீக்கிரம் சமனாக்குங்கம்பான். என்கிட்டக் குடுக்க வேண்டாம், நீங்களே சொல்லிருங்க.

கிருத்திக், உங்கம்மா வண்டிக்கு முன்னால நிக்குது, நகர மாட்டேங்குதுன்னு சொல்லுங்க. சமனாக்கறதுக்கு முன்னால, உங்கப்பனை எங்க தூக்கிட்டுப் போறதுன்னு கேக்குதுன்னு சொல்லுங்க.