கால் நடை மருத்துவமனை

எழுத்துப் பிழையைப் பார்த்தால் எனக்குச் சோறு இறங்காது. கல்யாணப் பத்திரிகை வந்தால்கூட, ஒற்று சரியாக விழுந்திருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பேன். அப்படிப்பட்டவன் ஓர் இடைவெளியை நான்கு வருடம் திருத்தாமல் விட்டேன். இன்ஸ்பெக்டர் எழில்மதி அவர்கள் என் வாக்குமூலத்தை அங்கிருந்தே எழுதிக்கொள்ளலாம்.

நான் பொன்னுரங்கம். ஆடு மாடுகளுக்கு வைத்தியம் பார்த்து ஓய்வுபெற்றவன். கச்சிராயபாளையத்தில் சொந்தமாகக் கால்நடை மருத்துவமனை திறந்தேன். பலகை எழுதியவர் 'கால்' என்று எழுதி, தாராளமாக இடம் விட்டு, 'நடை' என்று எழுதிவிட்டார். மறுநாள் வாசலில் ஆடு இல்லை. முட்டியைப் பிடித்தபடி ஆறு பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

"நடக்க வைக்கிற ஆஸ்பத்திரின்னு போட்டுக்கீதே, அதான் வந்தோம்" என்றார் ஒருவர்.

மாட்டு டாக்டர் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் ஓர் அம்மாள் என் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டார். முப்பது வருட சர்வீஸில் எந்த மாடும் என்னைக் கும்பிட்டதில்லை.

கொஞ்ச நாளில் ஒரு சங்கம் பொன்னாடை போர்த்தி 'மூட்டுச் செம்மல்' என்று பட்டம் கொடுத்தது. ஒற்று சரியாக விழுந்திருந்தது.

பட்டத்துக்கு ஏற்றபடி ஏதாவது செய்ய வேண்டாமா? விலங்கின் குருத்தெலும்பிலிருந்து செல் எடுத்து, வளர்த்து, மனிதரின் தேய்ந்த மூட்டில் வைக்கும் ஆராய்ச்சியைப் பற்றிச் சேலத்தில் ஒரு கருத்தரங்கில் பேசினார்கள். முதல் பாதியைக் கேட்டேன். உடம்பு அதை ஏற்காமல் போவது, கிருமி தொற்றுவது எல்லாம் சாப்பாட்டுக்குப் பிறகு பேசினார்களாம். நான் கண்ணயர்ந்துவிட்டேன்.

செல்லியம்மாள் கல்வராயன் மலையிலிருந்து வந்தார். துணைக்கு யாருமில்லை. சரிவு நிலங்களில் கூலிக்குக் களை எடுப்பவர். ஏறி இறங்க முடியாவிட்டால் அடுப்பு எரியாது. முட்டி ஜவ்வு தேய்ந்துவிட்டது, ஆட்டு ஜவ்வின் செல்லை ஊசியில் ஏற்றினால் புதிதாக வளரும் என்றேன். அடுத்த வாரம் தன் ஆட்டுக்குட்டியைப் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். 

"நான் வளத்ததுங்க. வேற ஆடுன்னா ஒட்டுமோ ஒட்டாதோ, இது என்னை வுட்டுப் போவாது. வலிக்காம எடுங்க டாக்டரே."

தேவைப்பட்டது கடலைப் பருப்பு அளவு. மிக்ஸியில் அரைத்து, உப்புநீரில் கலந்து, வடிகட்டி முட்டியில் ஏற்றினேன். மிக்ஸியைக் கழுவித்தான் வைத்திருந்தேன். குட்டி பின்கட்டில் கட்டுப் போட்டுப் படுத்திருக்கிறது என்று அவரிடம் சொன்னேன். அன்றைக்கு எங்கள் வீட்டில் கறிக்குழம்பு. எதையும் வீணாக்குவது எனக்குப் பிடிக்காது.

மூன்றாம் நாள் முட்டி வீங்கியது. செல் வேர் பிடிக்கிறது என்றேன். காய்ச்சல் வந்தது. அதுவும் வேர்தான் என்றேன். 

"பெரியாஸ்பத்திரில ஒருக்கா காட்டட்டுங்களா?" என்று கேட்டார். அங்கே போனால் வளர்வதை வெட்டிவிடுவார்கள் என்று சொன்னேன். ஒன்பது நாள் என் பேச்சைக் கேட்டார். பத்தாம் நாள் மயங்கி விழுந்தவரைக் கள்ளக்குறிச்சிக்குத் தூக்கிப் போனார்கள். முட்டிக்கு மேலே வெட்டினார்கள்.

பார்க்கப் போனேன். போர்வை ஒரு பக்கம் தட்டையாகக் கிடந்தது. நான் சுவர்க் காலண்டரைப் பார்த்தபடி நின்றேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"என் காலு கெடக்குது டாக்டரே. குட்டிக்குக் கட்டுப் பிரிச்சீங்களா? நொண்டாம நடந்துக்கினு கீதா?"

"நடக்குதும்மா" என்றேன்.

அதைச் சொன்ன வாயை நினைத்தால் கூசுகிறது. அன்றிலிருந்து கறி சாப்பிடுவதில்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். பலகையையும் திருத்திவிட்டேன். இப்போது ஒரே சொல்தான்.

கடைசியாக ஒன்று கேட்டீர்கள்: "இந்த ஊசிய ஒரு நொண்டி ஆட்டுக்காவது போட்டுப் பாத்தீங்களா?"

நொண்டி ஆடுகளும் வந்துகொண்டுதான் இருந்தன. ஒன்றுக்கும் போடவில்லை. அடுத்தவர் ஆடு மேடம். ஏதாவது ஆகிவிட்டால் யாருக்காவது பதில் சொல்ல வேண்டியிருக்கும்.