பாக்கெட்டில் இருந்த ஃப்யூஸ்

வேலைக்கு உட்காரும் முன் வாட்ச், வளையல், செயின் எல்லாவற்றையும் கழற்றி, கைப்பிடி உடைந்த ஒரு டீ கப்பில் போட்டுவிடுவேன். பழகிப்போச்சு. இப்போதுகூடப் பாருங்கள் சார், உங்கள் முன்னால் வெறுங்கையோடுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் பட்டறையில் வேன்களைக் கேரவனாக மாற்றிக் கொடுப்போம். கட்டில், அடுப்பு, சின்ன ஃப்ரிட்ஜ், அதற்கெல்லாம் கரண்ட் கொடுக்க ஒரு பேட்டரி. பட்டறை அண்ணனுடையது, பேட்டரி வேலை என்னுடையது. பழைய ஈய பேட்டரியைத் தூக்கிவிட்டு லித்தியம் வைக்கும் வேலை என்றால் எனக்குச் சோறு தண்ணி வேண்டாம். ஆனால் வண்டி எடுக்க வருகிறவர்கள் அண்ணனிடம்தான் கை குலுக்குவார்கள். "தங்கச்சி சும்மா கூடமாட ஒத்தாசை பண்ணுவா" என்பார். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பேன்.

பன்னிரண்டு வோல்ட்தானே, தொட்டால் ஷாக்கே அடிக்காதே என்று நிறையப் பேர் சொல்வார்கள். அண்ணனும் அந்தக் கட்சி. "எறும்பு கடிச்ச மாதிரிகூட இருக்காதுடி." தோலுக்கு ஒன்றும் ஆகாது, உண்மைதான். ஆனால் ஒரு ஸ்பானர் தப்பான இடத்தில் குறுக்கே பட்டால் பேட்டரி தன்னிடம் இருப்பதையெல்லாம் ஒரே மூச்சில் கொட்டும். விரலில் மோதிரம் இருந்தால் பழுக்கக் காய்ந்துவிடும். அதனால்தான் என் ஸ்பானர் ஒவ்வொன்றிலும் பிடி முழுக்க டேப் சுற்றியிருக்கும். அதனால்தான் பேட்டரியை ஒட்டியே ஒரு பெரிய ஃப்யூஸ் வைப்பேன்.

யார் கையாவது வயருக்குள் போகிறதென்றால் அந்த ஃப்யூஸைக் கழற்றிவிட வேண்டும். கழற்றினால் பேட்டரி தனி, வண்டி தனி. கை வைப்பவர் அதைத் தன் பாக்கெட்டிலேயே வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் சட்டம். அண்ணன் எங்கேயாவது வைத்துவிட்டு ஊரெல்லாம் தேடுவார். அதனால் அவர் உள்ளே போகும்போது மட்டும் ஃப்யூஸ் என் பாக்கெட்டில். அவர் "பாக்கெட்டா?" என்று கேட்பார். நான் "பாக்கெட்" என்பேன். அப்புறம்தான் கையை விடுவார். நான் சொன்னதில் அவர் மதித்தது இது ஒன்றைத்தான். மற்றதற்கெல்லாம் "ஃப்யூஸ் ராணி உத்தரவு" என்ற நக்கல்தான்.

ஓய்வு பெற்ற பஸ் டிரைவர் ஒருவர் கேரவன் கேட்டு வந்தார். இத்தனை வருஷம் ஊர் ஜனத்தையெல்லாம் ஏற்றி இறக்கியாச்சு, இனிமேல் ஒரே ஒரு பயணிதான் என்று வீட்டுக்காரம்மாவைக் காட்டினார். அந்த அம்மா கட்டிலில் படுத்துப் பார்த்துவிட்டு, "இந்த மனுஷன் விடுற குறட்டைக்கு ஜன்னல் பத்தாதும்மா" என்றார். அண்ணனிடம் சொல்லவில்லை, என்னிடம் சொன்னார். பேட்டரி எப்படி வேலை செய்கிறது என்று என்னிடம்தான் கேட்டார். முழுசாகக் கேட்டார்.

அந்த வண்டிக்குப் பேட்டரி பெரிசு. வயரும் தடியாக மாற்ற வேண்டும் என்றேன். பழைய வயரே போதும் என்றார் அண்ணன். எல்லாவற்றையும் ஓடவிட்டுப் பார்த்தால் ஃப்யூஸ் போனது. மாற்றினோம், மறுபடி போனது. ஃப்யூஸ் போவது கோளாறு இல்லை சார். வயர் தாங்காது என்று அது சொல்கிறது.

"வாசல்ல வந்து நிக்கிறாங்கடி. ஃப்யூஸ் இடத்துல ஒரு செம்புப் பட்டையப் போட்டு அனுப்பு. அடுத்த சர்வீஸுக்கு வர்றப்ப பாத்துக்கலாம்."

பட்டை போடப்பட்டது. வண்டி போனது.

செம்புப் பட்டை போகாது, வயர்தான் போகும். வழியில் ஓர் ஏரிக்கரையில் நிறுத்தியிருந்தபோது கட்டிலுக்கு அடியில் பற்றியிருக்கிறது. டிரைவர் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தார். அந்த அம்மா மதியத் தூக்கத்தில் இருந்தார். வயர் போகிற வழி கதவுப் பக்கம், தீயும் அங்கேதான். அந்த அம்மா வெளியே வரவில்லை.

விசாரிக்க வந்தவர்களிடம் அண்ணன் என் தோளில் கையைப் போட்டுக்கொண்டு சொன்னார்: "பேட்டரி எல்லாம் தங்கச்சி வேலை சார். சின்னப் பொண்ணு, ஆசைப்பட்டுச் செய்றா. தெரியாம நடந்துபோச்சு." என் வேலை என்று வெளியாளிடம் அவர் சொன்னது அதுதான் முதல் தடவை.

விபத்து என்று முடிந்தது. பிறகு டிரைவர் பட்டறைக்கு வந்தார். நான் எழுந்து நின்றேன். என் தலையில் கை வைத்து, "நீ என்ன வேணும்னா செஞ்ச? உன்னைப் பத்தி நல்லவிதமாத்தான் பேசுவா அவ. மனசுல வச்சுக்காதம்மா" என்றார். அண்ணன் ஓரமாக நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். டிரைவர் என்னை மன்னித்தார் சார். என்னை. அந்தக் கை இன்னும் என் தலையிலேயே இருக்கிற மாதிரி இருக்கிறது.

போன வாரம் ஒரு வேனுக்குப் பேட்டரி வைத்து முடித்தோம். கடைசியாக, எல்லா வயரும் வந்து சேரும் செம்புக் கட்டையில் அண்ணன் நட்டுகளை இறுக்க வேண்டும். நான் ஃப்யூஸைக் கழற்றிப் பாக்கெட்டில் போட்டேன். அவர் பார்க்காதபோது அந்த இடத்தில் ஒரு செம்புப் பட்டையை வைத்து ஃப்யூஸ் மூடியைச் சாத்தினேன். என் ஸ்பானரில் டேப் உரிந்திருப்பதாகச் சொல்லி அண்ணனுடைய வெறும் ஸ்பானரையே எடுத்துக் கொடுத்தேன்.

"மோதிரத்தைக் கழட்டுண்ணா" என்றேன். அதைக்கூடச் சொன்னேன்.

"அது கல்யாணத்தன்னிக்கு ஏறினது, இனி என்னோடதான் இறங்கும். பாக்கெட்டா?"

"பாக்கெட்."

நான் பொய் சொல்லவில்லை. ஃப்யூஸ் பாக்கெட்டில்தான் இருந்தது.

ஸ்பானரின் ஒரு முனை செம்புக் கட்டையில் இருந்தது. அவர் இறுக்கித் திருப்பியபோது, அதைப் பிடித்திருந்த விரலின் மோதிரம் வண்டியின் இரும்பில் பட்டது; பேட்டரியின் மறுமுனை அந்த இரும்போடுதான் சேர்ந்திருக்கும். வெல்டிங் வெளிச்சம் மாதிரி இருந்தது. மோதிரமும் ஸ்பானரும் ஒட்டிக்கொண்டன. "அமத்து, அமத்து" என்று கத்தினார். பேட்டரியை நிறுத்தும் மெயின் சுவிட்ச் எனக்குக் கைக்கெட்டும் தூரம்தான். அந்த அம்மா உள்ளேயிருந்து கதவை எவ்வளவு நேரம் தட்டியிருப்பார் என்று யோசித்துக்கொண்டு நின்றேன். தட்டி முடித்திருப்பார் என்று தோன்றிய பிறகு திருப்பினேன்.

கையை மணிக்கட்டோடு எடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் பார்த்தேன். "மோதிரத்தைக் கழட்டச் சொன்னா தங்கச்சி, நான்தான் கேக்கல" என்று அண்ணியிடம் சொல்லி அழுகிறார். மூடிக்குள் என்ன இருந்தது என்று அவருக்கு இன்னும் தெரியாது. பட்டறையிலும் எல்லாரும் விபத்து, விபத்து என்கிறார்கள். அது பொறுக்காமல்தான் நானாக இந்த ஸ்டேஷனுக்கு வந்தேன். என் வேலையில் விபத்து நடக்காது சார். யோசித்து, அளந்து, நான்தான் செய்தேன்.

அந்தப் பட்டை எப்படி அவ்வளவு கச்சிதமாக உட்கார்ந்தது என்று கேட்டீர்கள். அளவு எனக்கு ஏற்கெனவே தெரியும். டிரைவர் வண்டிக்கும் நான்தான் வெட்டினேன். துளை போட்டு, விளிம்பு யார் கையையும் கிழிக்கக் கூடாதென்று அரத்தால் ராவி, மாட்டி, மூடியும் போட்டேன். கட்டிலில் உட்கார்ந்து அந்த அம்மா பார்த்துக்கொண்டிருந்தார். இது என்னம்மா என்று கேட்டார், பாதுகாப்புக்கு என்றேன். ஆனால் போடச் சொன்னது அண்ணன்தான் சார். அதை மட்டும் சரியாக எழுதிக்கொள்ளுங்கள்.