வாரத்துக்கு நான்கு வாளி

மீன் தொட்டித் தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை. அவ்வளவு நல்ல உரத்தை யாராவது வீணாக்குவார்களா?

"எழுதிக் குடுங்க சித்தப்பா, அம்மாகிட்ட காட்டணும்" என்று நீ கேட்டதால்தான் இதை எழுதுகிறேன். நேற்றுக் குழந்தையை ஒரு தோளிலும் மண் பரிசோதனைத் தாளை மறு கையிலும் வைத்துக்கொண்டு என் வாசலில் நின்றாய். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. ஆகவே பொறுமையாக முதலிலிருந்து சொல்கிறேன். அறிவியல் புரியாமல் குற்றம் மட்டும் புரிந்தால் அது அரைகுறை அறிவு.

மீன் தின்கிறது, கழிக்கிறது. கழிவிலிருந்து அமோனியா வருகிறது. அது மீனுக்கு நஞ்சு. வடிகட்டிப் பஞ்சில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் அதை இரண்டு கட்டமாக மாற்றி நைட்ரேட் ஆக்குகின்றன. அது மீனை உடனே ஒன்றும் செய்யாது, ஆனால் சேர்ந்துகொண்டே போகும். அதனால் வாரம் ஒருமுறை கால்வாசித் தண்ணீரை எடுத்துவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்ற வேண்டும். எடுத்த தண்ணீர் செடிக்கு அமுதம். ஒருவர் கழித்ததில் இன்னொருவர் பூப்பது. குடும்பமும் ஏறக்குறைய அப்படித்தான்.

என் தொட்டியில் வாரத்துக்கு நான்கு வாளி வரும். ஆறு வருடமாக, ஞாயிறுதோறும் காலையில், அந்த நான்கு வாளியையும் தரைத்தளத்திலிருந்து மொட்டைமாடிக்கு, உன் அம்மாவின் தோட்டத்துக்குச் சுமந்தேன். முப்பத்தெட்டுப் படி. லிஃப்டில் வாளி ஏற்றக்கூடாது என்பது குடியிருப்போர் சங்கத்தின் விதி. அதை எழுதியவர் உன் அப்பா. அண்ணி மேலே நின்று, "பாத்து வாங்க தம்பி, படியில சிந்திடாதீங்க" என்பார். சிந்தியதில்லை.

போன வருடம் சங்கத்தின் தோட்டக் கண்காட்சியில் அண்ணிக்கு முதல் பரிசு. நான் சட்டைக்கு இஸ்திரி போட்டு, மூன்றாவது வரிசையில் ஓர இருக்கையாகப் பார்த்து உட்கார்ந்தேன். மேடைக்குக் கூப்பிட்டால் யார் காலையும் மிதிக்காமல் எழுந்து போகலாம். ரகசியம் என்னவென்று மைக்கை நீட்டிக் கேட்டார்கள். அண்ணி இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டிச் சிரித்தார்.

"ரகசியம் என்ன ரகசியம், எல்லாம் கைராசிதான்."

எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். நியாயமாகப் பார்த்தால் அந்தக் கைகள் செய்ததெல்லாம் பூவாளியைச் சாய்த்தது மட்டுமே.

அண்ணிக்குக் கைராசிப் பட்டம் புதிதல்ல. குழந்தைகள் மருத்துவமனையில் இருபத்தாறு வருடம் தடுப்பூசி போட்டவர். "அந்த சிஸ்டர் போட்டா வலிக்காது" என்று பெற்றோர்கள் காத்திருந்து அவரிடமே போவார்கள். வலிக்காததற்குக் காரணம் ராசி இல்லை. ஊசியின் கூர்மை, அது இறங்கும் வேகம், குழந்தையின் கவனத்தைத் திருப்பும் பேச்சு. இதை அண்ணியிடமே இரண்டு முறை விளக்கியிருக்கிறேன். "ஆமா தம்பி, டீ ஆறுது" என்றார்.

கண்காட்சி முடிந்த மாதம் என் மீன்களுக்கு வெள்ளைப்புள்ளி நோய் வந்தது. தொட்டியில் கல்லுப்புப் போடுவது பழைய வைத்தியம். போட்டேன். ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல நான்கு வாளி மேலே போனது. அது கைத்தவறு. இரண்டு வாரத்தில் ரோஜா இலைகளின் ஓரம் கருகியது.

இந்த இடத்தைக் கவனித்துப் படி, சுவையானது. உப்புத்தான் காரணம் என்று பார்த்தால் தெரியாது. மண்ணில் உப்பு ஏறினால் வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. ஈரத்தில் நின்றுகொண்டே செடி தாகத்தில் சாகும். பார்ப்பவருக்குத் தண்ணீர் போதவில்லை என்றுதான் தோன்றும். அண்ணிக்கும் அப்படித்தான் தோன்றியது. "வாரம் ஒருதடவை பத்தல போல தம்பி. புதன்கிழமையும் ரெண்டு வாளி கொண்டு வர்றீங்களா?" என்றார். கொண்டுபோனேன். வாய்விட்டுக் கேட்பவரிடம் இல்லையென்று சொல்லி எனக்குப் பழக்கமில்லை.

பன்னிரண்டாம் நாள் மீன்கள் தேறிவிட்டன. உன் தாளில் இருக்கும் உப்பின் அளவு மீன் தொட்டித் தண்ணீரால் மட்டும் வந்திருக்காது என்று பரிசோதனைக்கூடத்தில் சொன்னார்களாம். சரியாகச் சொல்லியிருக்கிறார்கள். மீன்கள் தேறியதும் தொட்டியில் உப்புப் போடுவதை நிறுத்திவிட்டேன். தேவைக்கு மேல் உப்பு அவற்றுக்கு ஒத்துக்கொள்ளாது; வாயில்லா ஜீவன்கள். அதன்பிறகு வாளியில்தான் போட்டேன். வாளிக்கு இரண்டு கைப்பிடி, அடியில் தங்காமல் நன்றாகக் கலக்கி. முப்பது வருடம் குடிநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் வேலை பார்த்தவனுக்குக் கலக்கத் தெரியாதா? ஐந்து மாதம் போட்டேன்.

எலுமிச்சையின் கடைசி இலை உதிர்ந்த அன்று அண்ணி அதன் அருகில் குந்தி, தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். "கைராசின்னு ஒண்ணு இருந்தா, அது போறதும் உண்டுதானே அண்ணி?"

தர்க்கப்படி அதில் பிழையில்லை.

அடுத்த வாரம் அண்ணி ஊசி போட்ட ஒரு குழந்தைக்குக் கை வீங்கியது. சாதாரணம், இரண்டு நாளில் வடியும். இப்படி நூறு வீக்கம் பார்த்தவர், இந்த முறை வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். உன் அப்பா என்னிடம்தான் வந்து புலம்பினார்: "என்னடா, இவளுக்கு என்ன ஆச்சு?" "ஓய்வு நல்லதுதான் அண்ணா, விடுங்க" என்றேன்.

பிறகு நீ குழந்தையோடு வந்தாய். மூன்று மாதமாகிறது, அண்ணி இன்னும் அவனைத் தூக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்சுகிறார், கால் கட்டைவிரலால் தொட்டிலை ஆட்டுகிறார். அவன் அழுதால் கைகள் இரண்டையும் அக்குளில் செருகிக்கொள்கிறார். "என் கை பட வேணாம்மா, நீயே தூக்கு." இதை நானே பார்த்தேன். வருத்தமாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து மீன்களுக்குத் தீனி போட்டேன்.

நேற்றே நீ அவரிடம் சொல்லிப் பார்த்தாயாம். அவர் நம்பாமல் உன்னைத் திட்டினாராம்: "ஆறு வருஷமா எனக்காகத் தண்ணி சுமந்தவருடி அவரு." இதை மேடையில் சொல்லியிருக்கலாம்.

ஆக, என் கையெழுத்து இருந்தால்தான் நம்புவார். படித்தால் கெட்டது கையல்ல, மண்தான் என்று புரியும். அன்றே குழந்தையைத் தூக்குவார். காரணத்தை நீக்கினால் விளைவும் நீங்கும். நாள் மட்டும் கொஞ்சம் இடிக்கிறது.

அண்ணி தூக்கிப்போடச் சொன்ன பூந்தொட்டிகளில் ஒன்பதை நான் கீழே எடுத்து வந்தேன். எலுமிச்சை கனமென்று மாடியிலேயே விட்டேன். நீ மண் எடுத்தது அதிலிருந்துதான். சோம்பலுக்குத் தண்டனை. நல்ல தண்ணீரை ஊற்றி ஊற்றி அடித்துளை வழியாக வடித்தால் உப்பு கரைந்து போய்விடும். மூன்று வாரம் அலசினேன். அப்புறம் மீன் தண்ணீர், உப்பில்லாமல். அடிக்கட்டையிலிருந்து ரோஜா துளிர்த்தது. இப்போது என் ஜன்னலோரம் முழுக்கப் பூ. இந்த வருடக் கண்காட்சிக்கு என் பெயரைக் கொடுத்திருக்கிறேன்.

கண்காட்சி முடிந்த மறுநாள் காலை இந்தக் கடிதம் உன் கைக்கு வரும். பதினோரு நாள்தானே. மூன்று மாதம் பொறுத்த குழந்தை.

மேடையில் ரகசியம் கேட்டால் அமோனியாவிலிருந்து தொடங்கி விளக்கலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் இரண்டு நிமிடம்தான் தருவார்களாம். இன்று மாலை எதிர்வீட்டுத் தையல்காரர் ரோஜாவைப் பார்த்துவிட்டு, "உங்க கைராசி யாருக்குங்க வரும்?" என்றார். நான் திருத்தவில்லை. யோசித்துப் பார்த்தால், அவர் சொல்வதிலும் ஏதோ இருக்கத்தான் செய்கிறது.