இரண்டாவது கித்தார்

ஒரு கித்தாரைப் பெரிதாகக் காட்டுவது ஒன்றும் கஷ்டமில்லை. ஒரே இசையை இரண்டு தரம் வாசிக்க வைத்து, ஒன்றை இடது ஸ்பீக்கரிலும் மற்றதை வலது ஸ்பீக்கரிலும் விட்டால் போதும். சோம்பேறிகள் ஒரு தரம் பதிந்துவிட்டு, அதையே பிரதி எடுத்துக் கொஞ்சம் பிந்த விடுவார்கள். இரண்டு ஸ்பீக்கரில் அது ஜோராகக் கேட்கும். கோயில் குழாய் ஸ்பீக்கரில் இரண்டும் ஒன்றாகக் கலந்ததும் ஒன்றையொன்று தின்றுவிடும். வாளிக்குள் இருந்து வாசித்த மாதிரி இருக்கும். எங்கள் சனம் பாட்டுக் கேட்பது கோயில் குழாயிலும் ஒற்றை ஸ்பீக்கர் ரேடியோவிலும்தான். அதனால் புளியந்தீவில் என் ஸ்டூடியோவில் கள்ள வேலை கிடையாது.

யுத்தம் முடிந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. பாதை திறந்ததும் கொழும்பிலிருந்து வந்து, அந்த அம்மன் பாட்டில் கித்தாரை எப்படிப் பதிந்தீர்கள் என்று கேட்கிறீர்கள். ஒலிப்பதிவு படிக்கிற பிள்ளை, மறைக்காமல் சொல்கிறேன்.

வாசித்தவன் ரதீஸ். ஆரையம்பதியில் கடலோரம் வீடு. மனைவி தனுஷியா, இரண்டு வயதில் ஒரு மகள். கெட்டிக்காரன், ஆனால் வீட்டுப் பைத்தியம். முதல் கித்தாரை 2004 கிறிஸ்மஸ் அன்று பதிந்தோம். "ஒண்ட வச்சு ரெண்டாக்குங்களன் அண்ணன், நாளைக்குப் பிள்ளையோட இருக்கோணும்" என்றான். எனக்குக் கோபம் வந்தது. இரண்டாவதை வாசிக்க மறுநாள் காலையிலேயே வரச் சொன்னேன்.

ஸ்டூடியோவுக்குள் யாரும் கைத்தொலைபேசியைத் திறந்து வைக்கக் கூடாது. அதன் இரைச்சல் பதிவில் ஏறிவிடும். கண்ணாடிக்கு இந்தப் பக்கம், என் மேசைத் தொலைபேசி மட்டும் வேலை செய்யும்.

மறுநாள் ஒன்பது மணிவாக்கில் அது அடித்தது. ரதீஸ் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஹெட்போனைப் போட்டுக்கொண்டு, கண்ணை மூடி வாசித்துக்கொண்டிருந்தான். பேசியது தனுஷியா.

"அண்ணன், கடல் வீட்டு முத்தத்துக்க வந்திட்டுப் போகுது. முழங்கால் தண்ணி. அவரக் கெதியா வரச்சொல்லுங்க."

மார்கழியில் கடல் பொங்குவது புதினமா? சுனாமி என்ற சொல்லையே அன்றைக்கு நாங்கள் யாரும் கேட்டதில்லை. அதற்காக என்னை ஒருவரும் குறை சொல்ல முடியாது. வாசிப்பை நிறுத்தினால் அவனுக்கு அந்தக் கைப்பதம் திரும்ப வராது, அவ்வளவுதான்.

வாசித்து முடித்தான். அருமை, ஆனால் கடைசியில் முதல் கித்தாரைக் கொஞ்சம் முந்திவிட்டான். ஒற்றை ஸ்பீக்கரில் அது தட்டுத்தடுமாறிக் கேட்கும். இன்னொரு தரம் என்றேன்.

"மறுகாவும் வாசிக்கவா? வீட்ட இருந்து போன் கோல் ஏதும் வந்ததா அண்ணன்?"

இல்லை என்றேன். ஐந்து நிமிடப் பாட்டுத்தானே.

அந்த வாசிப்பைத்தான் பாட்டில் நீங்கள் கேட்கிறீர்கள். எந்தக் குழாயில் போட்டாலும் ஒரு தந்தி குறையாது. அது முடிந்ததும், தனுஷியா இப்போதுதான் போனில் கூப்பிட்டாள் என்று சொல்லி அனுப்பினேன். மோட்டார் சைக்கிளில் பறந்தான். கல்லடிப் பாலத்தில் சனம் அவனுக்கு எதிரே ஓடி வந்ததாம். அதற்குள் கடல் இரண்டாம் தரமும் வந்துவிட்டிருந்தது, இந்தத் தரம் பனை உயரத்துக்கு. தாயையும் மகளையும் மூன்றாம் நாள் பிணமாகத்தான் எடுத்தார்கள்.

இந்த நாலரை வருஷமாக ரதீஸ் ஒன்றையேதான் என்னிடம் கேட்கிறான். "மெயின் றோட் கூப்பிடு தூரம் அண்ணன். பிள்ளையத் தூக்கிட்டு ஏன் அவள் நடக்கல்ல?" கேட்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு வலிக்கும்.

நடக்கத்தான் கேட்டாள். "நான் பிள்ளையோட றோட்டுக்குப் போகவா அண்ணன்?" என்றாள், அன்றைக்கு அதே போனில். றோட்டுக்கு வந்தால் பஸ் ஏறி நேரே ஸ்டூடியோவுக்கு வந்துவிடுவாள், பிள்ளை அழும், பதிவு கெடும். "வேணாம் புள்ள. அவன் வெளிக்கிட்டிட்டான், இப்ப வந்திருவான், வாசல்லயே நில்லு" என்றேன். நின்றாள்.

ரதீஸிடம் இதைச் சொல்லத்தான் வேண்டும். எனக்கும் மனச்சாட்சி இருக்கிறது. அடுத்த மாதம் அவன் எனக்கு இன்னும் ஆறு பாட்டுக்கு வாசிக்க வேண்டியிருக்கிறது. அது முடியட்டும்.