ராப்பன்ஃபெல்ஸ் கோட்டைக் கொடியை இறக்கியது யார்

பெயர்: ரோஸ்விதா கெம்ஃப். வயது: 63. தொழில்: காலணித் தொழிற்சாலையில் தோல் தைக்கும் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். முகவரி: ஆலைத் தெரு 14, கீழ்த்தளம், எஷன்டால். இறந்தவருக்கு உறவு: உடன்பிறந்த தங்கை. பதிவான நாள்: 2011 அக்டோபர் 27, வியாழக்கிழமை, காலை 9.20.

மேற்கண்ட முகவரியில் நான் வசித்து வருகிறேன். அதே வீட்டின் மேல்தளத்தில் என் அண்ணன் ஓட்மார் கெம்ஃப், வயது 69, இம்மாதம் 9ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை இறக்கும்வரை வசித்து வந்தார். அவர் சாவு தொடர்பாக 11ஆம் தேதி இதே காவல் நிலையத்தில் ஒரு வாக்குமூலம் கொடுத்துக் கையெழுத்துப் போட்டேன். அவர் இறந்த அன்று பகல் பதினொன்றே முக்காலுக்குக் கோட்டைக் கொடியை நானே இறக்கினேன் என்று அதில் சொல்லியிருக்கிறேன். அது பொய். அதைத் திருத்துவதற்காக, யாரும் அழைக்காமல் நானாக வந்திருக்கிறேன்.

ராப்பன்ஃபெல்ஸ் இடிகோட்டையைப் பராமரிக்கும் சங்கத்தில் பதினெட்டு வருடமாக உறுப்பினராக இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் முறை வைத்துக்கொண்டு கோட்டை முற்றத்துக் குடிலைத் திறந்து, காட்டு வழியாக ஏறி வருகிறவர்களுக்கு ஒயினும் ஈரல் உருண்டையும் ரொட்டியும் கொடுப்போம். குடில் திறந்திருந்தால் கோபுரத்தின் மேல் கொடி பறக்கும். பூட்டினால் இறங்கிவிடும். எங்கள் ஊரில் அண்ணாந்து கொடியைப் பார்த்துவிட்டுத்தான் யாரும் நடைக் காலணியை மாட்டுவார்கள்.

என் அண்ணனும் சங்கத்தில் இருந்தவர்தான். மேற்குச் சுவரில் இன்று நிற்கும் கற்களில் பாதி அவர் கை வைத்தவை. 2007 வசந்த விழாவன்று கோபுரப் படியில் ஒரு கல் ஆடுகிறது என்று சொல்லி, யாரையும் கேட்காமல் படிக்குக் குறுக்கே சங்கிலி போட்டுவிட்டார். பேருந்தில் வந்த வெளியூர்க்காரர்கள் மேலே ஏற முடியாமல் திரும்பினார்கள். சங்கத் தலைவர் வின்ஃப்ரீட் ஷோயர் அதைத் தன் மானப்பிரச்சினையாக எடுத்துக்கொண்டு, அண்ணனை நீக்க வாக்கெடுப்பு வைத்தார். நானும் கை தூக்கினேன். அடுத்த மாதமே குடிலின் சமையல் பொறுப்பு எனக்கு வந்தது. அதன் பிறகு நான்கரை வருடம் ஒரே வாசலில் போய்வந்தும் அவரும் நானும் பேசிக்கொள்ளவில்லை. அந்தக் கல் ஆடியது உண்மை. பிறகு சங்கமே ஆள் வைத்துச் சரிசெய்தது.

இந்த ஆண்டு ஜூன் மாதம் இதய மருத்துவரிடமிருந்து அவருக்கு வந்த கடிதத்தைத் தபால்காரர் தவறி என் பெட்டியில் போட்டுவிட்டார். பிரித்துப் படித்தேன். தனியாக மேடு ஏறக் கூடாது, பக்கத்தில் எப்போதும் ஆள் இருக்க வேண்டும் என்று அதில் இருந்தது. மறுபடி ஒட்டி அவர் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டேன். அதன் பிறகு அவர் கொடி பறக்கிற நாளில் மட்டுமே மலைக்குப் போனார். சங்கத்தை விட்டுத் துரத்தினாலும் கோட்டையை விட்டு அவரைத் துரத்த எங்களால் முடியவில்லை.

9ஆம் தேதி காலை பத்து மணிக்கு நானும் தலைவரும் குடிலைத் திறந்து கொடியை ஏற்றினோம். அன்று எங்கள் ஊரோடு நட்பு ஒப்பந்தம் செய்துகொண்ட பிரான்ஸ் ஊரிலிருந்து விருந்தினர்கள் வந்திருந்ததால், பகல் பன்னிரண்டு மணிக்கு ஊர்ச் சதுக்கத்தில் வரவேற்பு இருந்தது. பரிமாற ஆள் போதாதென்று குடிலைப் பூட்டிவிட்டுக் கீழே இறங்கச் சொன்னார் தலைவர். நான் கோபுரப் படிப் பக்கம் போனேன். அப்போது நடந்த பேச்சு:

"எங்க போறே?"

"கொடிய இறக்கத்தான்."

"வேண்டாம், விடு. கீழ பிரான்ஸ்காரங்க கேமராவோட நிக்கிறாங்க. மொட்டைக் கம்பத்தையா காட்டச் சொல்றே?"

"கொடியப் பாத்துட்டு ஆளுங்க ஏறி வந்துருவாங்களே."

"ஊரே இன்னைக்குச் சதுக்கத்துல கெடக்கு. யாரு வரப்போறா, காட்டுப்பன்னியா?"

நான் சிரித்தேன். எண்பத்து நான்கு படி ஏற எனக்கும் அலுப்பாக இருந்தது. கொடியை அப்படியே விட்டுவிட்டு இருவரும் இறங்கி வந்தோம்.

அதன் பிறகு சதுக்கத்தில் புது ஒயின் ஊற்றும் மேசையில் நின்றேன். சுமார் ஒன்றரை மணிக்கு என் அண்ணன் கைத்தடியும் முதுகுப்பையுமாக நீரூற்றுப் பக்கம் நடந்து, காட்டுப் பாதையில் ஏறினார். நான் கூப்பிடவில்லை.

அதன் பிறகு மூன்று மணி இருக்கும், மேயர் பேசிக்கொண்டிருக்கும்போது தலைவர் மலையைப் பார்த்து, "எவன்டா அது, கொடிய இறக்கினது?" என்று கத்தினார். மேசையைச் சுற்றி நின்ற பத்துப் பேராவது அதைக் கேட்டிருப்பார்கள். நானும் பார்த்தேன். கம்பம் வெறுமையாக இருந்தது. வீம்புக்குத்தான் அண்ணன் இறக்கிவிட்டார், விருந்தாளிகள் முன்னால் எங்கள் மூக்கை அறுக்கிறார் என்று நினைத்து எரிச்சல்பட்டேன். அந்த எரிச்சலோடு ஒரு தட்டு வெங்காயப் பணியாரமும் தின்று முடித்தேன்.

ஐந்து மணிக்கு மறுபக்கப் பாதையாக வந்த வெளியூர்த் தம்பதி அவரைப் பார்த்து, காவல்துறைக்குத் தொலைபேசியில் சொன்னார்கள். கோபுரத்தின் அடியில், கீழ்க் கடைசிப் படியில் சுவரில் சாய்ந்தபடி இருந்தார். உயிர் இல்லை. கொடி குடில் வாசலில் பெஞ்சின் மேல், காற்றுக்குப் பறக்காதபடி கல் வைத்து இருந்தது. நீளவாக்கில் இரண்டாக மடித்து, கம்பப் பக்கத்திலிருந்து சுருட்டி, கயிற்றால் கட்டியிருந்தது. சங்கத்தில் வேறு யாரும் அப்படி மடிப்பதில்லை. நான் இறக்கினால் தகரப் பெட்டிக்குள் சுருட்டித் திணிப்பேன். அந்தப் பெட்டிச் சாவி அவரிடம் இல்லை.

பூட்டைப் பார்த்ததும் அவர் உட்கார்ந்து இளைப்பாறிவிட்டு மெல்ல இறங்கியிருக்கலாம். ஆளில்லாத கோட்டையில் கொடி பறந்தால் இன்னொருவர் நம்பி ஏறிவருவார் என்றுதான் எண்பத்து நான்கு படி ஏறியிருக்கிறார். இது என் ஊகம் என்று அதிகாரி குறித்துக்கொண்டார். குறித்துக்கொள்ளட்டும்.

அன்று மாலை ஏழு மணிக்குத் தலைவர் என் வீட்டுக்கு வந்தார். நான் இன்னும் சாவுச் சேதி கேட்ட நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவில்லை. அவர் சொன்னது:

"போலீஸ் வந்தப்போ கொடி கீழதானே இருந்துச்சு? அப்ப நீதான் இறக்கினே. பெட்டில வைக்க மறந்து பெஞ்சுலயே வச்சுட்டே, அவ்வளவுதான். போனவன் திரும்பி வரப்போறானா? எதுக்கு நாம எல்லாரும் சந்தி சிரிக்கணும்?"

அண்ணன் செய்த கடைசி நல்ல காரியத்தையே எங்களுக்குச் சாட்சியாக்கிக்கொண்டோம். 11ஆம் தேதி வந்து அப்படியே சொல்லிக் கையெழுத்துப் போட்டேன்.

15ஆம் தேதி அடக்கம் முடிந்து எல்லோரும் காபி குடிக்கும்போது, "கொடி எறங்கிக் கெடக்கறது தெரிஞ்சும் ஏறியிருக்கான் பாரு, மண்டக்கனம் புடிச்சவன்" என்று பேசிக்கொண்டார்கள். காபி ஊற்றிக்கொண்டிருந்தது நான். 23ஆம் தேதி குடிலைத் திறந்தபோது தலைவர் வாசலில் ஒரு பலகை மாட்டியிருந்தார். கொடி இல்லாத நாளில் ஏறி இம்மாதம் ஒருவர் உயிரிழந்தார், எச்சரிக்கை என்று அதில் எழுதியிருந்தது. கோட்டை பார்க்க வந்த ஒருவர் அதைப் படித்துவிட்டு, "முட்டாள்கள் எல்லா ஊர்லயும் இருக்கத்தான் செய்றாங்க" என்று என்னிடம் சொல்லி ஒயின் கேட்டார். ஊற்றிக் கொடுத்தேன். அதன் பிறகு நான்கு நாள் எனக்குத் தூக்கம் இல்லை. என் அண்ணன் முட்டாள் இல்லை. கொடியை நம்பினார், அவ்வளவே.

மேற்படி வாக்குமூலம் எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. படித்துக் காட்டிய பிறகு நான் சேர்க்கச் சொன்னது:

சதுக்கத்தில் அண்ணனை நான் கூப்பிடவில்லை என்று மேலே சொன்னது சரி. ஆனால் அவராகவே மேசைக்கு வந்தார். சங்கத்து ஆட்கள் எல்லோரும் கீழே நிற்பதைப் பார்த்துவிட்டு, நான்கரை வருடத்தில் முதல் தடவையாக என்னிடம் பேசினார்.

"ரோஸி, எல்லாரும் இங்கதானே நிக்கிறீங்க. மேல ஆளு இருக்கா?"

"கொடி பறக்கறது கண்ணுக்குத் தெரியலையா?" என்றேன்.

பூட்டைப் பார்த்து மூக்குடைபட்டுத் திரும்பட்டும் என்றுதான் சொன்னேன். மருத்துவரின் கடிதம் அப்போது நினைவில் இருந்தது. மறந்துவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். அவர், "சரிம்மா" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

இதனால் என்மேல் வழக்கு வரலாம் என்று அதிகாரி விளக்கினார், இந்தப் பகுதி அவசியம்தானா என்றும் கேட்டார். அவசியம் என்றேன். முதலில் சொன்னதும் பிறகு சேர்த்ததும் ஒரு சொல் கூடாமல் குறையாமல் நடந்தவை. எவரும் மிரட்டியோ தூண்டியோ சொல்லவில்லை.

(ஒப்பம்) ரோஸ்விதா கெம்ஃப், ஓட்மாரின் தங்கை